ஸ்கேன் படத்தில் நோயின் பெயர் எழுதியிருக்காது

1955-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்த இயன் டொனால்ட், அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகளையும் நீர்க்கட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு, ரென்ஃப்ரூ என்ற ஊரில் இருந்த ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். உலோகத்தின் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலைகளை அனுப்பிச் சோதிக்கும் கருவி ஒன்று அங்கே இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டையும் வாங்கி வைத்திருந்தார்கள். நீர்க்கட்டியிலிருந்து திரும்பி வந்த எதிரொலியும் திடமான கட்டியிலிருந்து வந்த எதிரொலியும் தெளிவாக வேறுபட்டன. அதற்கு அடுத்த சில ஆண்டுகளுக்குள், குணப்படுத்த முடியாத இரைப்பைப் புற்றுநோய் என்று மற்றவர்கள் கைவிட்டிருந்த ஒரு பெண்ணின் வீங்கிய வயிற்றின் மேல் அவருடைய குழு அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் பார்த்தது. உள்ளே தெரிந்தது திரவம் நிறைந்த ஒரு பெரிய பை. சினைப்பையிலிருந்து வளர்ந்திருந்த அந்த நீர்க்கட்டி அகற்றப்பட்டது. அந்தப் பெண் பிழைத்தார். 1958-இல் தி லான்செட் இதழில் டொனால்டின் குழு இந்த ஆய்வுகளை வெளியிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, கருவி என்ன சொன்னது என்பதுதான். புற்றுநோய் இல்லை என்றோ, சினைப்பைக் கட்டி என்றோ அது சொல்லவில்லை. உள்ளே திரவம் இருக்கிறது, அதைச் சுற்றி ஒரு சுவர் இருக்கிறது என்று மட்டுமே சொன்னது. அதற்குப் பெயர் வைத்தவர்கள் மருத்துவர்கள். இன்றைய சி.டி., எம்.ஆர்.ஐ. கருவிகள் எவ்வளவோ நுணுக்கமான படங்களைத் தந்தாலும் இந்த அடிப்படை மாறவில்லை. ஒரு படத்தைப் பார்க்கும் கதிரியக்க மருத்துவர் தனக்குள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறார்: இது எந்த உறுப்பிலிருந்து கிளம்பியது, இது எதனால் ஆனது, நேரம் செல்லச் செல்ல இது எப்படி நடந்துகொள்கிறது. வயிற்றிலும் இடுப்புக்கூட்டிலும் வரும் அரிய நோய்கள் பலவற்றை இந்தக் கேள்விகளின் வழியாகத்தான் பிடிக்க முடிகிறது. வழக்கமான நோய்க்குரிய பெயரைப் படத்தின் மீது அவசரமாக ஒட்டிவிட்டால் அவை தப்பிவிடும்.

முதலில் கருவிகளைப் பற்றிக் கொஞ்சம். அல்ட்ராசவுண்ட் ஒலியின் எதிரொலியைக் கேட்கிறது. தெளிந்த திரவத்தின் உள்ளிருந்து எதிரொலி வராது என்பதால் அது படத்தில் கறுப்பாகத் தெரியும். கல்லின் மேற்பரப்பு ஒலியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் கல் வெள்ளையாகவும் அதன் பின்னால் ஒரு நிழலுடனும் தெரியும். குடலில் உள்ள காற்றோ ஒலியைச் சிதறடித்து, தனக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் மறைத்துவிடும். இடுப்புப் பகுதியை ஸ்கேன் செய்வதற்கு முன் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரச் சொல்வது இதனால்தான். நிறைந்த சிறுநீர்ப்பை குடலை மேலே தள்ளி, கருப்பையையும் சினைப்பைகளையும் பார்ப்பதற்கு ஒரு ஜன்னலாகிறது. பித்தப்பையைப் பார்க்க வெறும் வயிற்றில் வரச் சொல்வதற்கும் காரணம் உண்டு: சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், சுருங்கிய பைக்குள் கல்லைத் தேடுவது கடினம்.

சி.டி. ஸ்கேன் எக்ஸ்-கதிர்களை உடலைச் சுற்றிச் சுற்றி அனுப்பி, ஒவ்வொரு புள்ளியும் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று கணக்கிடுகிறது. நோயாளி ஒருவருக்கு முதன்முதலாக இது எடுக்கப்பட்டது 1971 அக்டோபர் 1 அன்று, லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், எடுத்தது மூளையை. கருவியை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால்தான் இன்றும் அந்தத் தடுப்புத் திறன் அளக்கப்படுகிறது. ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000. கொழுப்பு ஏறக்குறைய −100 அளவில் நிற்கும். கல்லீரல், தசை போன்றவை 40 முதல் 60 வரை. உறைந்த புது ரத்தம் அதற்கும் சற்று மேலே. எலும்பு பல நூறுகளில். திரையில் சந்தேகத்துக்குரிய இடத்தின் மேல் சிறு வட்டம் ஒன்றை வரைந்தால் அந்த எண் உடனே வந்துவிடும். தொடங்குபவர்கள் படத்தின் சாம்பல் நிறங்களில் தொலைந்துபோகும்போது, இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நடப்பது நல்ல வழி.

அந்த எண் எவ்வளவு உதவும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவருக்கு இடது அடிவயிற்றில், விரலால் தொட்டுக்காட்டும்படியான ஓர் இடத்தில், திடீரென்று கடும் வலி. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. வலி வலது பக்கத்தில் இருந்தால் குடல்வால் அழற்சி என்றும், இடது பக்கத்தில் இருந்தால் பெருங்குடல் பிதுக்கப் பைகளில் அழற்சி என்றும்தான் மனம் முதலில் போகும். சி.டி. படத்தில் பெருங்குடலை ஒட்டி, ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவான நீள்வட்டம் ஒன்று தெரிகிறது. அதன் உள்ளே வட்டம் வரைந்தால் வரும் எண் −60, −80 என்று கழித்தலில் இருக்கிறது. அதாவது அது கொழுப்பு. சுற்றிலும் ஒரு மெல்லிய வெள்ளை வளையம். நடுவில் சில நேரங்களில் ஒரு சிறு புள்ளி. அது அடைபட்டுப்போன ரத்தக்குழாய்.

பெருங்குடலின் வெளிப்புறத்தில் சிறுசிறு கொழுப்புக் குஞ்சங்கள் 50 முதல் 100 வரை எல்லோருக்கும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று தன் காம்பிலேயே முறுக்கிக்கொண்டு, ரத்த ஓட்டம் நின்று வீங்கிவிட்டால் இந்த வலி வரும். எபிப்ளோயிக் அப்பென்டஜைட்டிஸ் என்று அதற்குப் பெயர். நாக்கைச் சுளுக்கும் பெயர்தான், ஆனால் தெரிந்து வைத்திருப்பது நல்லது. வலி மாத்திரையுடன் ஓரிரு வாரங்களில் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். அறுவை சிகிச்சையும் தேவையில்லை, பொதுவாக ஆன்டிபயாட்டிக்கும் தேவையில்லை. இந்த நோய் ஒன்று உண்டு என்று அறியாதவர் கண்ணில் அதே படம், குடலுக்கு அருகே ஏதோ அழற்சி என்று மட்டும் தெரியும். அங்கிருந்து மருத்துவமனைப் படுக்கைக்கும், சில வேளை அறுவை அரங்குக்கும் வழி நீண்டுவிடும். அரிய நோயைக் கண்டுபிடித்தால் பெரிய சிகிச்சை தொடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையற்ற சிகிச்சையை நிறுத்துவதும் அந்தக் கண்டுபிடிப்பின் பயன்தான்.

எம்.ஆர்.ஐ. கருவியில் எக்ஸ்-கதிர் இல்லை. வலிமையான காந்தப்புலத்துக்குள், நம் உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை வானொலி அலைகளால் தட்டிவிட்டு, அவை திரும்பத் தம் நிலைக்கு வரும்போது எழுப்பும் சமிக்ஞையைப் படமாக்குகிறது. ஒரே இடத்தைப் பல விதங்களில் படம் எடுக்கலாம் என்பதுதான் இதன் தனிச்சிறப்பு. டி1 என்று அழைக்கப்படும் வகையில் கொழுப்பு வெள்ளையாகவும் நீர் கறுப்பாகவும் தெரியும். டி2 வகையில் நீர் பளிச்சென்று வெள்ளையாகும். கொழுப்பிலிருந்து வரும் சமிக்ஞையை மட்டும் அணைத்துவிட்டும் எடுக்கலாம்.

சினைப்பையில் வரும் இரண்டு கட்டிகளை இப்போது எடுத்துக்கொள்வோம். இவை அவ்வளவு அரியவை அல்ல, ஆனால் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஒன்று டெர்மாய்டு கட்டி. உள்ளே கொழுப்பு, முடி, சில நேரங்களில் முழுமையாக வளர்ந்த பல்கூட இருக்கும். மற்றொன்று, கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோயில் வரும் சாக்லேட் கட்டி. உள்ளே பல மாதங்களாகத் தேங்கிக் கெட்டியான பழைய ரத்தம் இருக்கும். டி1 படத்தில் இரண்டுமே வெள்ளை. வேறு படம் எதையும் பார்க்காமல் சொல்லச் சொன்னால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அடுத்து, கொழுப்பை அணைத்த படத்தைத் திறக்கிறோம். டெர்மாய்டு விளக்கை நிறுத்தியது போல இருண்டுவிடுகிறது; சாக்லேட் கட்டி அப்படியே வெள்ளையாக நிற்கிறது. டி2 படத்தில் வேறு எந்த நீர்க்கட்டியும் வெண்மையாக ஒளிர வேண்டிய இடத்தில், பழைய ரத்தத்தின் இரும்பும் புரதமும் செறிந்திருப்பதால் சாக்லேட் கட்டி மங்கிக் கறுக்கிறது. வயிற்றைத் திறக்காமலேயே, இது எதனால் ஆனது என்ற கேள்விக்கு மூன்று படங்களில் விடை கிடைத்துவிட்டது.

எந்த உறுப்பிலிருந்து கிளம்பியது என்ற கேள்விக்கு வருவோம். பருவமடைந்து ஓராண்டு ஆன ஒரு சிறுமிக்கு மாதவிடாய் ஒழுங்காக வருகிறது. ஆனாலும் மாதாமாதம் வலி கூடிக்கொண்டே போகிறது. அல்ட்ராசவுண்டில் கருப்பைக்குக் கீழே திரவம் நிறைந்த ஒரு திரள் தெரிகிறது. சினைப்பை நீர்க்கட்டி என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அனுபவமுள்ள மருத்துவர் அந்தக் கருவியை மெல்ல மேலே நகர்த்திச் சிறுநீரகங்களைத் தேடுவார். வலது பக்கம் சிறுநீரகமே இல்லை என்று தெரிந்தவுடன் கதை மாறிவிடுகிறது.

கருவில் கருப்பை உருவாகும் குழாய்களும் சிறுநீரக வளர்ச்சியைத் தூண்டும் குழாய்களும் அருகருகே வளர்கின்றன. ஒரு பக்கத்தில் ஏற்படும் குறை இரண்டையும் தொட்டுவிடும். இந்தச் சிறுமிக்கு இரண்டு கருப்பைகள். இடது கருப்பைக்கு வழி திறந்திருப்பதால் மாதவிடாய் வருகிறது. வலது கருப்பைக்குரிய யோனிப் பாதை ஒரு திரையால் மூடப்பட்டிருப்பதால் அந்தப் பக்கத்து ரத்தம் மாதாமாதம் தேங்கி வீங்குகிறது. மாதவிடாய் வருகிறதே என்பதாலேயே அடைப்பைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. ஓஹ்விரா நோய்க்கூறு என்று அழைக்கப்படும் இதை எம்.ஆர்.ஐ. முழுமையாகக் காட்டிவிடும், அந்தத் திரையை நீக்கிவிட்டால் தேங்கிய ரத்தம் வெளியேறி வலியும் நீங்கும், பிற்காலத்தில் குழந்தை பெறும் வாய்ப்பும் காக்கப்படும். இடுப்பில் உள்ள ஒரு வீக்கத்துக்கான விடை, அதிலிருந்து ஒரு சாண் மேலே காலியாக இருந்த இடத்தில் கிடைத்தது.

சில நோய்களில் பெயர் தெரிவதற்கு முன் ஊசி குத்திவிடக் கூடாது. நாயின் குடலில் வாழும் எகினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் முட்டைகள், கழுவாத கீரையின் வழியாகவோ நாயைத் தடவிய கையின் வழியாகவோ நம் வயிற்றுக்குள் போனால், பெரும்பாலும் கல்லீரலில் போய்த் தங்கி நீர்க்கட்டியாக வளரும். ஆடுகளும் நாய்களும் ஒன்றாகத் திரியும் ஊர்களில் இது வரும். ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி வளரும் இந்த ஹைடாடிட் கட்டி, முதல் பார்வைக்குக் கல்லீரலில் பலருக்கும் இருக்கும் சாதாரண நீர்க்கட்டி போலவே இருக்கும். நுணுகிப் பார்த்தால் சுவர் இரட்டைக் கோடாகத் தெரியலாம். நோயாளியைப் புரண்டு படுக்கச் சொன்னால், அடியில் படிந்திருந்த நுண்துகள்கள் கலங்கி, தண்ணீரில் சுண்ணாம்புத் தூள் இறங்குவது போல மெதுவாக மறுபக்கம் இறங்குவதைத் திரையிலேயே காணலாம். சற்று வளர்ந்த கட்டிக்குள் குட்டிக் கட்டிகள் தேன்கூட்டின் அறைகள் போல அடுக்கியிருக்கும். உட்சவ்வு பிரிந்துவிட்டால் குளத்தில் மிதக்கும் அல்லி இலையைப் போல அலையும். முதிர்ந்து செயலிழந்த கட்டி நூற்கண்டு போல இறுகி, கடைசியில் சுவர் முழுவதும் சுண்ணாம்பு ஏறிவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2003-இல் இந்த அல்ட்ராசவுண்ட் தோற்றங்களை வரிசைப்படுத்தி ஒரு வகைப்பாட்டை வெளியிட்டது. எந்தப் படியில் கட்டி இருக்கிறது என்பதை வைத்தே மாத்திரையா, ஊசி வழிச் சிகிச்சையா, அறுவையா, அல்லது ஒன்றும் செய்யாமல் கவனித்துக்கொண்டிருப்பதா என்று முடிவு செய்கிறார்கள். இதை அறியாமல் சாதாரண நீர்க்கட்டி என்று நினைத்து ஊசியால் உறிஞ்சப் போனால், உள்ளிருக்கும் திரவம் வயிற்றறைக்குள் கசிந்து உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையை உண்டாக்கலாம்; புழுவின் கருக்கள் சிதறிப் புதிய கட்டிகளாக முளைக்கவும் கூடும். தெரிந்தே ஊசி போடும் முறை உண்டு. அதற்குமுன் அல்பென்டசோல் என்ற புழுக்கொல்லி மருந்தைக் கொடுத்து, ஒவ்வாமைக்கான மருந்துகளைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு செய்வார்கள்.

கேரளத்திலும் தமிழகத்திலும் மருத்துவர்கள் நன்கறிந்த, பிற நாடுகளில் அரிதான நோய் ஒன்றையும் இங்கே சொல்லிவிடலாம். மது அருந்தும் பழக்கமே இல்லாத இளம் வயதினருக்குக் கணையக் குழாயில் பெரிய பெரிய கற்கள் சேர்ந்து, மேல்வயிற்று வலியும் பிறகு நீரிழிவும் வரும். கேரளத்து மருத்துவர் கீவர்கீஸ் இதைப் பற்றிப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். இதைக் கண்டுபிடிக்க நவீனக் கருவி எதுவும் தேவைப்படாமல் போவதும் உண்டு: சாதாரண எக்ஸ்-ரே படத்திலேயே முதுகெலும்பின் இருபுறமும் கற்கள் கோத்தாற்போலத் தெரிந்துவிடும்.

நேரத்தோடு எப்படி நடந்துகொள்கிறது என்ற மூன்றாவது கேள்விக்காகத்தான், சி.டி. படத்தில் வெள்ளையாகத் தெரியும் கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்பில் செலுத்துகிறார்கள். அயோடின் கலந்த அந்த மருந்து அரை நிமிடத்தில் தமனிகளையும், ஒரு நிமிடம் கடந்தபின் கல்லீரலையும் நிறைக்கும். ரத்தக்குழாய்ப் பின்னலான ஹீமான்ஜியோமா என்ற தீங்கற்ற கட்டியில் மருந்து ஓரத்திலிருந்து திட்டுத் திட்டாகப் புகுந்து நிதானமாக நடுவை நோக்கிப் பரவும். கல்லீரல் புற்றுநோயில் பெரும்பாலும் வேகமாக ஏறி வேகமாக வடிந்துவிடும். மருந்து ஏறும்போது உடல் முழுவதும் சூடாவது போலவும் சிறுநீர் கழிந்துவிட்டது போலவும் தோன்றும், பயப்பட வேண்டியதில்லை. சிறுநீரகக் கோளாறு, முன்பு ஏற்பட்ட ஒவ்வாமை, நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுப்பது ஆகியவற்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வயிற்று சி.டி. ஒன்றில் உடல் ஏற்கும் கதிர்வீச்சு சுமார் 8 முதல் 10 மில்லிசீவர்ட். இயற்கையாகவே ஓர் ஆண்டில் நாம் பெறுவது உலக சராசரியாக 2.4. தேவைப்படும்போது இதற்கு அஞ்சித் தவிர்ப்பது தவறு; எதற்கும் இருக்கட்டும் என்று நாமே போய் எடுத்துக்கொள்வதும் தவறு.

இதைவிட முக்கியமானது, ஸ்கேன் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது. ‘வயிற்று வலி’ என்ற இரண்டு சொற்களுடன் வரும் சீட்டுக்கும், ‘எட்டு மாதமாக வலி, எடை ஏழு கிலோ குறைவு, மாலையில் காய்ச்சல், அண்ணனுக்குக் காசநோய் இருந்தது’ என்று வரும் சீட்டுக்கும் எடுக்கப்படும் படம் ஒன்றாகவே இருக்கலாம். படிக்கப்படும் விதம் ஒன்றாக இருக்காது. சீட்டில் எழுதாததை நோயாளியே சொல்லலாம், பழைய படங்களைக் கையோடு கொண்டுபோகலாம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்திலும் அதே அளவில் இருந்த கட்டி, இன்று புதிதாகத் தெரிந்த கட்டியைப் போல யாரையும் கலங்கவைக்காது.

அந்த இரண்டாவது சீட்டைக் கொண்டுவந்தவர் ஐம்பது வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். வயிற்றில் மகோதரம் என்று நம் முன்னோர் சொன்ன நீர்க்கோவை. சி.டி. படத்தில், குடல்களின் முன்னால் திரைபோலத் தொங்கும் ஓமென்டம் தடித்திருக்கிறது. வயிற்றறையின் உட்சவ்வும் தடித்திருக்கிறது. ரத்தத்தில் சி.ஏ. 125 என்ற, சினைப்பைப் புற்றுநோயைச் சந்தேகிக்கும்போது பார்க்கப்படும் புரதத்தின் அளவு உயர்ந்திருக்கிறது. முற்றிய சினைப்பைப் புற்றுநோய்க்கான படம் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். வயிற்றுக் காசநோய்க்கும் இப்படித்தான் இருக்கும், சி.ஏ. 125 காசநோயிலும் உயரும். திசுக்கள் சர்க்கரையை எவ்வளவு இழுக்கின்றன என்று காட்டும் பெட் ஸ்கேன் எடுத்தாலும் இரண்டுமே ஒளிரும். வேறுபாடுகளைச் சுட்டும் குறிப்புகள் இல்லாமல் இல்லை: காசநோயில் சவ்வு பெரும்பாலும் சீராக, மெல்லியதாகத் தடிக்கும், புற்றுநோயில் கட்டிகட்டியாக ஒழுங்கின்றித் தடிக்கும், காசநோயில் நிணநீர்க் கணுக்களின் நடுப்பகுதி அழுகி, ஓரம் மட்டும் மருந்தை ஏற்று வளையமாகத் தெரியும், நீரில் புரதம் மிகுந்திருப்பதால் அதன் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் வெறும் நீருக்குரிய 0-ஐ விட்டு 20-க்கு மேல் ஏறியிருக்கும். 1978-இல் சிங்கப்பூர் மருத்துவர்கள் வயிற்றுப் பட்டுப்புழுக்கூடு என்று பொருள்படும் பெயரிட்டு விவரித்த தோற்றமும், அதாவது சிறுகுடல் முழுவதும் ஒரு சவ்வுப் பைக்குள் சுருட்டிக் கட்டியது போலத் தெரிவதும், நம் நாட்டில் காசநோயை நினைவூட்ட வேண்டும்.

ஆனால் இவை எல்லாமே சாய்வுகள்தான். தீர்ப்பு சொல்லும் வலிமை எதற்கும் தனியே இல்லை. காசநோயைப் புற்றுநோய் என்று கருதிப் பெரிய அறுவை சிகிச்சை செய்வதும், புற்றுநோயைக் காசநோய் என்று கருதி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்துக் காத்திருப்பதும் ஒன்றுக்கொன்று குறையாத கேடு. ஆகவே இந்த இடத்தில் நல்ல கதிரியக்க மருத்துவர் தன் அறிக்கையில் ஒரே பெயரை எழுதமாட்டார். இரண்டையும் எழுதி, திசு எடுத்துப் பார்க்கவும் என்று முடிப்பார். நோயாளிக்கு அந்த வரி ஏமாற்றமாக இருக்கும், இவ்வளவு செலவழித்தும் என்னவென்று சொல்லவில்லையே என்று தோன்றும். ஆனால் ஊசியை எங்கே செலுத்துவது என்று காட்டுவதும் அதே படம்தான். அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடியே, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, தடித்த ஓமென்டத்தில் மெல்லிய ஊசியைச் செலுத்தி நூல்போன்ற இரண்டு மூன்று துண்டுகளை எடுக்கிறார்கள். ஒரு துண்டு நுண்ணோக்கிக்கும், மற்றொன்று காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனைக்கும் வளர்ப்புச் சோதனைக்கும் போகிறது. காசநோய் என்று வந்தால் வழக்கமாக ஆறு மாத மருந்து. நடுவில் ஒருமுறை அல்ட்ராசவுண்டை வைத்துப் பார்த்தால், நீர் வற்றிக்கொண்டு வருவது தெரியும்.